பக்கத்து சீட்

டவர்க்காரரிடம் யாரும் வாய்தவறிக்கூட ஒரு குறை சொல்லிவிடக் கூடாது. சொன்னால் போச்சு, ஸ்பானரை எடுத்துவிடுவார்.

மகள் பள்ளியில் படிக்கும்போது ஒருநாள், உட்கார்ந்து எழுதுகிற நாற்காலி கிரீச்சிடுகிறது என்று சொல்லித் தொலைத்தாள். அன்றைக்கே அந்த நாற்காலி நாலு காலும் கழன்று கூடத்தில் படுத்துவிட்டது. பரீட்சை முடிகிற வரைக்கும் பிள்ளை கட்டிலில் சம்மணம் போட்டுத்தான் படித்தது. கடைசியில் எழுந்து நின்ற நாற்காலி கிரீச்சிடவில்லைதான். யானை ஏறி நின்றிருந்தாலும் கிரீச்சிட்டிருக்காது. மகள் இப்போது கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கிறாள். போனில் அப்பா குரல் கேட்டதும் அவள் முதலில் சொல்வதே, இங்க எல்லாம் நல்லா ஓடுதுப்பா என்பதுதான்.

மலைமேல் நிற்கும் போன் டவர்களைப் பழுது பார்ப்பது அவர் வேலை. இருபது வயதில் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு ஏற ஆரம்பித்தவர். ஐம்பதைத் தாண்டிய பிறகு ஏறுவது குறைந்து, அடியில் இருக்கும் இரும்புப் பெட்டிகளைத் திறந்து பார்ப்பது கூடியிருக்கிறது. டவர் நிற்கிற இடத்துக்கெல்லாம் யாரும் தார் போட்டு வைப்பதில்லை. மழைத்தண்ணீர் அறுத்த பள்ளமும் உருண்டைக் கல்லுமாக ஒரு தடம் போகும், அவ்வளவுதான். அதில் ஏறுவதற்கென்றே வாங்கியது அந்த பிக்அப். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும். சாயம் போன நீலம். பார்த்தால் ஒன்றும் பிரமாதமில்லை. ஆனால் அதைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை கேட்டால் டீ ஆறிப்போகிற வரைக்கும் விடமாட்டார்.

முக்கியமாக அதன் ஸ்பிரிங்கைப் பற்றி. ஒரு காலத்தில் டவர்களுக்கான பேட்டரிகளை அவர்தான் மேலே கொண்டுபோக வேண்டும். ஒவ்வொன்றும் ஓர் ஆளால் தூக்க முடியாத கனம். ஒரு நடைக்கு ஏற்றினால் வண்டியின் பின்பக்கம் பதுங்குகிற பூனை மாதிரி உட்கார்ந்துவிடும். அவர் பார்த்தார். வீட்டு வாசலிலேயே ஜாக்கியைப் போட்டு வண்டியைத் தூக்கினார். பின்னால் ஸ்பிரிங்காக ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய இரும்புப் பட்டைகளில் கனத்ததாக இரண்டு பட்டை கூட்டிப் போட, வண்டி இரண்டு இன்ச் உயர்ந்தது. அவர் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்திருக்க, டார்ச் பிடித்தது மனைவிதான். வேலை முடிந்து பேட்டரிகளை ஏற்றியபோது வண்டி அசையாமல் நிமிர்ந்து நின்றது. அதற்கப்புறம் வீட்டுக்கு வந்த விருந்தாளி ஒருத்தரும் அந்த ஸ்பிரிங்கைக் குனிந்து பார்க்காமல் தப்பிப் போனதில்லை.

மனைவி முன்னறையில் மெஷின் போட்டுப் பள்ளிச் சீருடை தைக்கிறவள். வாரம் முழுக்கக் குனிந்த முதுகு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவரோடு மலைக்குக் கிளம்புவாள். அவர் பெட்டியைத் திறந்து பார்ப்பார், அவள் காற்று வாங்குவாள். போகிற வழியெல்லாம் வாய் ஓயாது. அளவு கொடுக்க வந்தவர்கள் கொட்டிவிட்டுப் போன கதைகள் அத்தனையும் அந்த வாரத்துக்கென்று சேர்ந்து கிடக்கும். யார் வீட்டுப் பையன் ஒரே வருஷத்தில் மூன்று முறை பேண்ட் மாற்றினான், எந்தத் தலைமையாசிரியர் சட்டைக் காலருக்காக யாரோடு மல்லுக்கு நின்றார்... அவர் அதிகம் பேசாதவர். ம் கொட்டிக்கொண்டே ஓட்டுவார். கழற்றிப் பார்க்கத் தோன்றாத ஒரே சத்தம் அவருக்கு அவள் பேச்சுதான்.

அந்தப் பேச்சு எப்போது நின்றது என்று அவருக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. முதலில் குறைந்தது. பிறகு உதட்டை இறுக்கிக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தாள். பிறகு வருவதே நின்றுபோனது. ஒரு வாரம் அவசரத் துணி, ஒரு வாரம் தலைவலி. டவர்க்காரர் தனியாகப் போய்வந்தார். பக்கத்து சீட்டில் டீ பிளாஸ்க் உருண்டுகொண்டே வந்தது. தான் என்ன சொல்லி அவள் மனம் கோணிவிட்டது என்று மண்டையைக் குடைந்து பார்த்தார், ஒன்றும் பிடிபடவில்லை.

கடைசியில் ஒருநாள் நேராகவே கேட்டார். அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிராமலே, வண்டிக்கு அடியில் கல் உரசுகிற சத்தம் கேட்டால் வயிற்றைக் கலக்குகிறது, எங்கே கவிழ்ந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது என்றாள்.

அவருக்கு உயிர் வந்தது. கோபமில்லை, வருத்தமில்லை, வெறும் கல்! வண்டியைத் தூக்கினால் தீர்ந்தது. இரண்டு இன்ச் உயரத்தை நாலு இன்ச் ஆக்கிவிடலாம். மறுநாள் காலையிலேயே ஏணியின் பட்டறைக்குப் போனார்.

ஏணி என்பது பட்டப்பெயர். ஆள் குள்ளம். ஊரில் உயர்த்துகிற வண்டியெல்லாம் அவன் கைப்பட்டுத்தான் உயரும். உயர்ந்த பிறகு பானெட்டுக்குள் பார்க்க அவனுக்கே ஒரு மரப்பெட்டி வேண்டும். உன்னைத் தூக்கிக்கொள்ள ஒரு ஸ்பிரிங் கிட் கிடைக்கவில்லையா என்று டவர்க்காரர் வழக்கம்போல வம்பிழுத்தார். கல்யாணத்தன்றைக்கு ஷூவுக்குள் போட்டிருந்ததாகவும், அதை வீட்டில் இன்னும் சொல்லிக்காட்டுவதாகவும் ஏணி பதில் சொன்னான்.

ஏணியிடம் ஒரு வழக்கம் உண்டு. எத்தனை இன்ச் வேண்டும் என்று அவன் முதலில் கேட்கமாட்டான். சாதாரண நாளில் வண்டி எப்படிப் போகுமோ அப்படியே வர வேண்டும்: அதே சாமான், அதே ஆட்கள். எல்லோரையும் அவரவர் இடத்தில் உட்காரவைத்துத்தான் டேப்பைப் பிடிப்பான். பட்டறைக்குப் பின்னால் உடைந்த கல்லும் கட்டடக் கழிவும் பரப்பி ஒரு தடம் போட்டு வைத்திருக்கிறான். அதில் வண்டியின் சொந்தக்காரர் ஒவ்வொரு சீட்டிலும் உட்கார்ந்து ஒரு சுற்று வந்தாக வேண்டும். கிறுக்கன் என்பார்கள். ஆனால் வேறு பட்டறைக்குப் போகமாட்டார்கள்.

"அண்ணி வரலையாண்ணே?" என்றான்.

"அவ எதுக்கு?"

"யாருக்காகத் தூக்குறோம்னு இப்பத்தானே சொன்னீங்க."

போன் செய்து வரவழைத்தார். தைத்துக்கொண்டிருந்தவள் அப்படியே எழுந்து வந்திருந்தாள். கழுத்தில் அளவு டேப் தொங்கிக்கொண்டிருந்தது. முகத்தில் உற்சாகம் என்று சொல்ல ஒன்றுமில்லை. சீட்டில் ஏறி உட்கார்ந்து, மேலே இருக்கும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள், வண்டி இன்னும் நகரவே இல்லை. ஏணி அதைப் பார்த்தான். சக்கரத்தின் நடுவிலிருந்து மேல் விளிம்பு வரை அளந்தான். பின்பக்கம் போய், எப்போதும் என்ன ஏற்றுவீர்கள் என்று கேட்டான்.

டூல் பாக்ஸும் கயிறும்தான் என்றார் டவர்க்காரர். பேட்டரியெல்லாம் கம்பெனி லாரியிலேயே போய்விடுகிறது, இரண்டு வருஷமாகப் பின்னால் பாரமே இல்லை.

ஏணி பின் பம்பர்மேல் ஏறி நின்று ஒரு குதி குதித்தான். வண்டி அசையவில்லை. இன்னொரு முறை குதித்தான். அதற்கும் அசையவில்லை. டவர்க்காரருக்குப் பெருமை தாங்கவில்லை. ஏணி இறங்கி, அண்ணியைக் கீழே இறங்கச் சொன்னான்.

"அண்ணே, நீங்க அங்க உட்காருங்க. நான் ஓட்டுறேன்."

இத்தனை வருஷத்தில் தன் வண்டியின் பக்கத்து சீட்டில் அவர் உட்கார்ந்ததே இல்லை. உட்கார்ந்ததும் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. முதுகில் ஏதோ உறுத்த, இழுத்துப் பார்த்தார். சீருடைத் துணியின் வெட்டுகளை ஒட்டிப்போட்டு அவள் தைத்த குட்டித் தலையணை. அழகுக்கு வைத்திருக்கிறாள் என்று நினைத்து, இடைஞ்சலாக இருக்கிறதென்று அதை எத்தனையோ தடவை டேஷ்போர்டின்மேல் தூக்கிப் போட்டிருக்கிறார்.

வண்டி கல்மேல் ஏறியது.

ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிறவனுக்குக் கல் முன்கூட்டியே தெரியும். உடம்பு தானாகத் தயாராகிவிடும். பக்கத்தில் இருப்பவருக்கு அந்தச் சலுகை இல்லை. முதல் கல்லில் பல் பல்லோடு மோதியது. இரண்டாவதில் சீட் அவரைத் தூக்கியடித்து, கீழே வரும்போது இன்னும் பலமாக வாங்கிக்கொண்டது. கை தன்னால் மேலே போய்க் கைப்பிடியைப் பற்றியது. கைப்பிடியின் உள்பக்கம் ரப்பர் நாலு இடத்தில் தேய்ந்து வழவழவென்றிருந்தது. நாலு விரல்கள். அவர் விரலைவிடச் சின்ன விரல்கள். வாயைத் திறந்தால் நாக்கைக் கடித்துக்கொள்வோம் என்று அவர் உதட்டை இறுக்கிக்கொண்டார்.

இறுக்கிக்கொண்டதும்தான் அவருக்கு எல்லாம் உறைத்தது.

ஏணி இரண்டாவது சுற்றுக்குத் திருப்பினான். போதும்பா என்றார் டவர்க்காரர்.

அவள் சுவரோரமாக நின்று, கழுத்திலிருந்த அளவு டேப்பை எடுத்துச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தாள். இறங்கிவந்தவர் முகத்தைப் பார்த்ததுமே குட்டு வெளிப்பட்டுவிட்டது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"எத்தனை நாளாம்மா?" என்றார்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க. எனக்கு வயசாயிடுச்சு. வண்டி நல்லாத்தான் இருக்கு."

ஏணி மரப்பெட்டியில் உட்கார்ந்தபடி சொன்னான். "வண்டி இன்னும் பேட்டரி சுமந்துட்டு இருக்கறதா நினைச்சுட்டு இருக்கு அண்ணி. பாரம் இறங்கினதை யாரும் அதுகிட்ட சொல்லல. அதான் பட்டை வளைஞ்சே குடுக்காம அடியெல்லாம் சீட்டுக்கு அனுப்புது."

"முதுகு வலிக்குதுன்னு ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?" என்றார் டவர்க்காரர் அவளிடம்.

"சொல்லியிருந்தா? அந்த நாற்காலி மாதிரி என்னையும் கூடத்துல கழட்டிப் போட்டிருப்பீங்க." ஏணி சிரிப்பை அடக்கிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தான். அவள் குரலைத் தாழ்த்தினாள். "ஆசை ஆசையாப் போட்ட ஸ்பிரிங்கு. டார்ச் பிடிச்சவளே நான். அதைக் குறை சொல்ல வாய் வருமா? கல்லுன்னா உங்களால ஒண்ணும் பண்ண முடியாது, விட்டுடுவீங்கன்னு நினைச்சேன். இப்படி வண்டியையே தூக்கக் கிளம்புவீங்கன்னு யாரு கண்டா."

கையில் ஸ்பானர் இல்லாத நேரத்தில் என்ன செய்வதென்று டவர்க்காரருக்கு எப்போதுமே தெரியாது. அவள் கையிலிருந்து நழுவித் தரையில் தொங்கிய டேப்பின் நுனியை எடுத்துப் பிடித்துக்கொண்டார். அவள் முழுதும் சுருட்டி முடிக்கிற வரைக்கும் பிடித்துக்கொண்டே நின்றார்.

நாலு இன்ச் பேச்சு அதோடு போனது. உயரம் அப்படியே இருக்கட்டும், சுபாவத்தை மாற்றலாம் என்றான் ஏணி. பழைய பட்டைகளை மொத்தமாக இறக்கி, அதே உயரத்துக்கு வளைந்த, ஆனால் மெல்லிய பட்டைகளைப் போட்டான். முன்பக்கம் இளகிய சுருள் ஸ்பிரிங். நாலு சக்கரத்துக்கும் நீளமாக ஏறி இறங்கும் புது ஷாக் அப்சார்பர். டவர்க்காரர் கூடவே படுத்து, தான் அன்றைக்கு முறுக்கிய போல்ட்டுகளைத் தானே கழற்றினார். துருப்பிடித்த ஒன்று மட்டும் முரண்டு பிடித்தது. மனைவி கேட்காமலே குனிந்து டார்ச்சைப் பிடித்தாள்.

முடிந்ததும் ஏணியின் தடத்தில் அவளை உட்காரவைத்து ஒரு சுற்று வந்தார்கள். எப்படி என்று கேட்டதற்கு, பரவாயில்லை என்றாள். அந்தப் பரவாயில்லையை வைத்துக்கொண்டு டவர்க்காரர் அந்த வாரம் முழுக்க அல்லாடினார். நிஜமாகவே பரவாயில்லையா, இல்லை மறுபடியும் தன் மனம் நோகக் கூடாதென்று சொன்னதா? கேட்டால் மறுபடி ஒரு பொய் வந்துவிடுமோ என்று கேட்கவும் பயம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் கூப்பிடவில்லை. டூல் பாக்ஸை ஏற்றினார். கயிற்றைச் சுருட்டி வைத்தார். அவிழ்த்து மறுபடி சுருட்டினார். குட்டித் தலையணையைத் தட்டித் துடைத்துப் பக்கத்து சீட்டில் சாய்த்து வைத்தார். முன்னறையைப் பூட்டுகிற சத்தம் கேட்டது. அவள் வந்து ஏறினாள். தலையணையை எடுத்துப் பார்த்தாள், டேஷ்போர்டின்மேல் தூக்கிப் போட்டாள்.

தார்ச்சாலை முடிகிற வரைக்கும் பேச்சில்லை. அவர் சாலையைப் பார்க்கிற சாக்கில் அவள் கையைப் பார்த்தார். கை மடியில் இருந்தது. தடம் ஆரம்பித்தது. முதல் பள்ளத்தில் வண்டி மெதுவாகக் குனிந்து எழுந்தது. அடுத்த பள்ளமும் போனது.

"அந்த மூணாவது வீட்டுப் பையன் இருக்கானே," என்றாள் அவள், "தோள் அளவு எடுக்க விடவே மாட்டேங்கறான். கூச்சமாம். அவங்கம்மா பிடிச்சுக்கறாங்க, அவங்களுக்கும் சிரிப்பு வந்துடுது..."

ம் என்றார்.

பையன் கதை அவன் அப்பாவிடம் போய், அங்கிருந்து பள்ளிக்கூட வாசலுக்குப் போய், ஒன்றரை வருஷத்து பாக்கி எல்லாம் கிளம்பிவிட்டது. பாதி மலை ஏறியிருப்பார்கள். நீர் அறுத்த வளைவில், எப்போதும் இடிக்கிற அந்தப் பழைய கல் வந்தது. வண்டியின் உயரம் அதே உயரம்தானே. அடியில் கல் நெடுக உரசி, இரும்பைப் பிராண்டுகிற சத்தம் எழுந்தது. அவர் சட்டென்று அவள் பக்கம் திரும்பினார்.

சத்தம் தாண்டிக் கேட்கட்டும் என்று அவள் குரலைக் கொஞ்சம் உயர்த்திக்கொண்டு, அந்தத் தலைமையாசிரியர் அடுத்து என்ன சொன்னார் என்பதைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.