சுத்தமான எச்சில்

அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் அவளுடைய சொந்தப் பெயரைத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. எல்லோருக்கும் அவள் மடிப்பு. அவள் இஸ்திரி போட்ட சட்டைக் கையின் மடிப்பில் வெங்காயம் நறுக்கலாம் என்று இரண்டாம் மாடிக்காரர் ஒரு தடவை சொல்லப்போக, அதுவே பெயராக நின்றுவிட்டது. சின்னப் பிள்ளைகளுக்கு மடிப்பக்கா. கடை என்று பார்த்தால் படிக்கட்டுக்கு அடியில் ஒரு மேசை, அதன்மேல் நாலாக மடித்துப் போட்ட கம்பளி, கரி போட்டுச் சூடாக்கும் ஒரு இஸ்திரிப் பெட்டி, தண்ணீர் தெளிக்க ஒரு சொம்பு. அவ்வளவுதான்.

கோபக்காரி. கறையோடு வந்த சட்டையைத் தொடமாட்டாள். "கறை மேல சூடு வெச்சா அது ஜென்மத்துக்கும் போகாது. துவைச்சுக் குடுத்தனுப்புங்க" என்று எந்தப் பெரிய மனிதர் வீட்டுத் துணியானாலும் மாடிக்குத் திருப்பி அனுப்பிவிடுவாள். தன் கையைவிட்டுப் போகிற எதுவும் அழுக்காகப் போகக் கூடாது என்பது அவள் சட்டம். அவள் கணவன் அதே கட்டடத்துக்கு வாட்ச்மேன். "சாமியே வந்து சட்டையைக் குடுத்தாலும் நீ காலரைத் திருப்பிப் பாத்துட்டுத்தான் வாங்குவே" என்று கிண்டல் செய்வான். அவளும் சிரித்துக்கொண்டே, "பின்னே? சாமிக்கு வேர்க்காதா?" என்பாள்.

குடியிருந்தது மோட்டார் அறைக்குப் பக்கத்து அறை. சன்னல் கிடையாது. கூரையை ஒட்டி ஒரு காற்றுத்துளை மட்டும் உண்டு. இஸ்திரி போட்டு அடுக்கிய துணியெல்லாம் ராத்திரி அந்த அறையில்தான் இருக்கும் என்பதால், தூசி விழக் கூடாதென்று அதையும் அவளே சாக்கு வைத்து அடைத்துவிட்டாள். கணவனுக்கு ராத்திரியெல்லாம் கேட்டருகே நாற்காலியில் காவல். உள்ளே தாயும் மகளும் ஒரே பாயில் படுப்பார்கள். மகளுக்கு எட்டு வயது. வீட்டில் குட்டி என்று கூப்பிடுவார்கள். அம்மாவின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டால்தான் அவளுக்குத் தூக்கம் வரும்.

இருமல் வந்தபோது யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மீன் விற்கிறவள் மேல் மீன் வாடை அடிப்பதற்கு யாராவது காரணம் கேட்பார்களா? கரிப்புகையில் நிற்கிறவள் இருமுகிறாள், அவ்வளவுதான். "அம்மா இருமினா பக்கத்து ரூம்ல மோட்டார் ஓடற மாதிரியே இருக்குப்பா" என்று குட்டி அப்பனிடம் சொல்லி, அம்மா மாதிரியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமிக் காட்டுவாள். மூன்று பேரும் சிரிப்பார்கள். மருந்துக்கடைக்காரர் முதலில் சிவப்பு மருந்து கொடுத்தார். அப்புறம் பச்சை. இரண்டும் தூக்கம் வரவழைத்தன, இருமலை ஒன்றும் செய்யவில்லை.

பிறகு தெருமுனையில் இருந்த ஊசி டாக்டர். தலைவலிக்கும் ஊசி, வயிற்றுவலிக்கும் ஊசி, கால் சுளுக்குக்கும் அதே ஊசி என்பதால் அந்தப் பெயர். ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பார்கள். பாவம், இவருக்கு அவ்வளவு கூட்டம் வரவில்லை. "வீசிங்தாம்மா. புகை உங்களுக்கு ஒத்துக்கல" என்றார். ஊசி போட்டால் நாலு நாள் நன்றாக இருக்கும். பழையபடி இருமல் வரும், பழையபடி அவள் போவாள். சாயங்காலமானால் உடம்பு கணகணவென்று சுடும். சூட்டுப் பெட்டியோடு நாள் முழுக்க நிற்கிறவளுக்கு உடம்பு சுடுவதில் என்ன அதிசயம் என்று அதற்கும் ஒரு சமாதானம் இருந்தது.

கடைசியில் கணவன்தான் பிடிவாதம் பிடித்து அரசாங்க சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனான். அங்கே நர்ஸ் ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவைக் கொடுத்தாள். "காலைல எந்திரிச்சதும் நல்லா ஆழமா இருமி, நெஞ்சுலேர்ந்து வர்ற சளியைத் துப்பிக் கொண்டுவாங்க" என்றாள். அதே வாசகத்தை அன்று எத்தனை பேருக்குச் சொன்னாளோ, அடுத்த ஆளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். மடிப்புக்குப் புரியாமல் இல்லை. நன்றாகவே புரிந்தது.

மறுநாள் விடியற்காலை அவள் இருமினாள், துப்பினாள். டப்பாவில் விழுந்ததைப் பார்த்தாள். மஞ்சளாக, கெட்டியாக, நடுவில் சிவப்பு நூல்போல ஒரு கோடு. அவளுக்கு உடம்பு கூசிப்போயிற்று. இதையா இன்னொரு மனுஷன் கையில் கொடுப்பது? போய்ச் சாக்கடையில் கொட்டினாள். டப்பாவைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்தாள். பல் விளக்கினாள், உப்புத் தண்ணீரால் வாய் கொப்பளித்தாள். பிறகு நாக்கைச் சுழற்றி, வெள்ளையாக, தண்ணீர் மாதிரி ஊறியதை டப்பாவில் துப்பி மூடினாள். வெட்கம் பாதி, பயம் பாதி. அந்தச் சிவப்புக் கோட்டை அவள் தன் கண்ணிலிருந்தே மறைக்கப் பார்த்தாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

குட்டி கதவில் சாய்ந்து நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, எதுக்குக் கழுவுறே? அவங்க அதைத்தானே கேட்டாங்க."

"போடி பெரிய மனுஷி. அதைப் போய் ஒருத்தர் கையில குடுக்க முடியுமா? அப்பாகிட்ட எதையாவது உளறி வைக்காதே."

குட்டி உளறவில்லை. சொன்ன பேச்சு கேட்கிற பிள்ளை.

சோதனை அறைக்காரர் டப்பாவைத் தூக்கிச் சன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்று மடிப்புக்கு உள்ளூரப் பெருமை. அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பின்னால் நின்றவர் தன் டப்பாவை முன்னால் நீட்டினார். அவருக்குப் பின்னால் வரிசை வாசலைத் தாண்டிப் போயிருந்தது. சோதனைக்காரர் வாயை மூடிக்கொண்டு அவளுடைய டப்பாவையும் மற்றதோடு வைத்துவிட்டார். அவர் ஒருவர், அந்த வரிசை முழுவதும் அவர் தலையில். யாரைப் போய்த் திட்டுவது?

கிருமி இல்லை என்று முடிவு வந்தது. "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு" என்று கணவன் அங்கேயே நெஞ்சில் கை வைத்துக்கொண்டான். அவள் மாடி மாடியாக ஏறிச் சொல்லிவிட்டு வந்தாள். சொல்ல வேண்டியும் இருந்தது. டி.பி.க்காரி தொட்ட துணியை யார் உடுத்துவார்கள் என்று ஒரு வீட்டில் பேச்சு கிளம்பியிருந்தது அவள் காதுக்கும் எட்டியிருந்தது.

அதற்குப் பிறகு ஒரு மழைக்காலமே கடந்தது. இருமல் நிற்கவில்லை. கணவன் இரண்டொரு தடவை மெதுவாக ஆரம்பித்துப் பார்த்தான்.

"இன்னொரு வாட்டி போய்க் காட்டிட்டு வந்துடலாமா?"

"இல்லைன்னு சொன்னவங்ககிட்ட மறுபடியும் போய் நின்னா, இருக்குன்னு சொல்லிடுவாங்க. சும்மா கிடங்க."

அவன் சும்மா கிடந்தான். சோதித்தவர்களே இல்லை என்று சொன்ன பிறகு, ராத்திரி கேட்டருகே உட்கார்ந்திருக்கிறவன் என்னத்தைச் சொல்வது?

குட்டிக்கு முதலில் சாப்பாடு இறங்கவில்லை. அப்புறம் தலைவலி. கண்ணாடி போட வேண்டியிருக்கும் என்றார் டீச்சர். ஊசி டாக்டர் ஊசி போட்டார். சாப்பிட்டதையெல்லாம் வாந்தி எடுத்தாள். கண்டதைத் தின்றிருப்பாள் என்று மடிப்பு இரண்டு அடியும் வைத்தாள். வாயாடிப் பிள்ளை பேசுவதைக் குறைத்துக்கொண்டே வந்தாள். ஒரு நாள் காலையில் அப்பனைப் பார்த்து, "இவர் யாரும்மா?" என்று கேட்டாள். விளையாட்டு என்று நினைத்து அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

பெரியாஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் குட்டியின் தலையை மெல்ல முன்னால் வளைத்துப் பார்த்தார். கழுத்து வளையவில்லை. திரும்பி, "வீட்ல யாராவது ரொம்ப நாளா இருமறாங்களா?" என்று கேட்டார்.

கணவன் மடிப்பைப் பார்த்தான்.

"எனக்கு டெஸ்ட் பண்ணியாச்சு டாக்டர். கிருமி இல்லைன்னு சொல்லிட்டாங்க" என்றாள் அவள் அவசரமாக. சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது.

டாக்டர் அது அடங்கும்வரை காத்திருந்தார். "சளி எப்படிக் குடுத்தீங்க?"

அதுவரை யாரும் அவளிடம் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. அவள் சொன்னாள். கழுவியதை, கொப்பளித்ததை, தண்ணீர் மாதிரி துப்பியதை. பாதியிலேயே அவளுக்கு விளங்க ஆரம்பித்துவிட்டது. குரல் இறங்கிக்கொண்டே போய், கடைசி வார்த்தைகள் டாக்டர் காதில் விழுந்திருக்குமா என்பதே சந்தேகம்.

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். "அது எச்சில்தாம்மா. கிருமி நெஞ்சுல இருக்கு, அங்கேருந்து வந்தாத்தான் தெரியும். இப்ப குடுங்க. எவ்வளவு அழுக்கா இருந்தாலும் பரவாயில்லை" என்றார். அவள் இருமிக் கொடுத்தாள். கிருமி நிறைய இருந்தது. அவளுக்கு அன்றே மாத்திரை ஆரம்பித்தார்கள்.

குட்டிக்கும் மருந்து ஆரம்பித்தார்கள். ஆனால் அம்மாவிடமிருந்து தொற்றிய கிருமி அவளுக்கு மூளைக்குப் போயிருந்தது. இன்னும் முன்னாலேயே வந்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார். மடிப்பின் முகத்தில் துணி முகமூடி. பிள்ளை பக்கத்தில் படுக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். தூக்கத்தில் குட்டியின் கை பக்கத்தில் கழுத்தைத் தேடித் தடவும். அங்கே கழுத்து இருக்காது. தாய்க்கு அதைவிடப் பெரிய தண்டனை எந்தச் சாமியும் கொடுக்க முடியாது. ஒரு மத்தியானம், ஆஸ்பத்திரிக் கூட்டமும் சத்தமுமாக இருந்த நேரத்தில், அந்தக் கையும் அடங்கிப்போயிற்று.

கணவன் அவளை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்த அன்று ஒரே ஒரு தடவை, "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே" என்றான். அதோடு சரி.

மாத்திரையை அவள் ஒரு நாளும் விடவில்லை. அவன் விடவிடவில்லை. காவல் முடிந்து வந்ததும் தண்ணீரும் மாத்திரையுமாக முன்னால் நிற்பான். இருமல் நின்றது. காய்ச்சல் நின்றது. கன்னம் நிறைந்தது. சுகாதார நிலையத்தில் நர்ஸ் எடை பார்த்துவிட்டு, "பரவாயில்லையே, நல்லா ஏறியிருக்கீங்க. எல்லாரும் உங்களை மாதிரி இருந்தா எங்களுக்கு வேலையே இல்லை" என்று சந்தோஷமாகச் சொன்னாள். துணி எடுக்க வந்த மூன்றாம் மாடி அம்மாளும், "இப்பத்தான் மடிப்பு, முகத்துல களை வந்திருக்கு" என்றாள். இரண்டு பேரும் நல்ல மனதோடுதான் சொன்னார்கள்.

அன்று மத்தியானம் அவள் மேசையை அப்படியே விட்டுவிட்டு அறைக்குள் வந்து உட்கார்ந்தாள். கணவன் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்துகொண்டிருந்தான்.

"எனக்குப் பசிக்குதுங்க" என்றாள். "மூணு வேளையும் பசிக்குது. அவளைக் கொண்டுபோய் வெச்சுட்டு வந்த அன்னிக்கும் பசிச்சுது. இந்த வயித்தை நான் என்ன பண்றது?"

"மாத்திரை சாப்பிட்டா பசிக்கும்னு சொன்னாங்கல்ல" என்றான் அவன். தட்டில் சோற்றைப் போட்டு அவள் பக்கம் நகர்த்தினான். "சாப்பிடு."

அழுதுகொண்டே சாப்பிட்டாள். தட்டு காலியானதும் அவன் முகத்தைப் பார்க்காமல், "இன்னும் கொஞ்சம் போடுங்க" என்றாள்.