ஏலக்காரரின் மூச்சுப் பயிற்சி

ஏலக்காரருக்கு ஒரு வியாதி உண்டு. நுரையீரலைச் சொல்லவில்லை, அது பிறகு வந்தது. யாராவது ஓர் எண்ணைச் சொன்னால் போதும், அவர் வாய் தானாக அடுத்த எண்ணைச் சொல்லிவிடும். காய்கறி மண்டியில் காலமெல்லாம் மூட்டைகளை ஏலம் விட்ட வாய், வேறென்ன செய்யும்?

நுரையீரல் கெட்டது மூட்டைத் தூசியாலும் பீடிப் புகையாலும். புகையை அவர் விட்டுத் தொலைத்தார், வியாதி அவரை விடவில்லை. நாலு மூட்டை விற்பதற்குள் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. மண்டி முதலாளி ஒருநாள் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்.

"அண்ணே, அடுத்த மாசம் பெரிய வரத்து இருக்கு. அன்னைக்குக் கடைசி மூட்டை வரைக்கும் உங்களால முடிஞ்சா நீங்களே ஏலம் விடுங்க. இல்லேன்னா என் மாப்பிள்ளை பார்த்துக்கட்டும்."

மாப்பிள்ளை தராசில் எடை பார்ப்பவர். அவருக்குக் குரல் என்று ஒன்று இருப்பது தும்மும்போதுதான் தெரியும். அந்தப் பயலிடமா மேடையை விடுவது? ஏலக்காரர் மறுநாளே மனைவியோடு ஆஸ்பத்திரிக்குப் போனார்.

அங்கே மூச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் கைக்கு அடக்கமான பிளாஸ்டிக் குழாய் ஒன்றைத் தந்தாள். அதை வாயில் வைத்துக் காற்றை உள்ளே இழுக்க வேண்டும். குழாய் லேசில் விடாது, மல்லுக்கட்டும். பக்கத்திலுள்ள திருகை ஏற்ற ஏற்ற இன்னும் முரண்டு பிடிக்கும்.

"நுரையீரல் புதுசாகாதுங்க. ஆனா மூச்சை இழுக்குற தசைக்கு பலம் வரும். இப்ப ரெண்டுல வைங்க."

"மூணு," என்றார் ஏலக்காரர்.

"இல்லைங்க, ரெண்டு."

"மூணரை."

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் திருகைக் கடைசிவரை ஏற்றிவிட்டார். ஒரே இழுப்பு. கண் பிதுங்கி, தலை கிறுகிறுத்து, ஊறவைத்த துணி வாளிக்குள் போய் உட்கார்ந்தார். மனைவிதான் பிடித்துத் தூக்கினாள்.

"யாரோட போட்டி போடுறீங்க? ஏலம் கேட்க இங்க யாரு நிக்கிறா?"

அவள் பயந்துபோயிருந்தாள். அதனால்தான் அவ்வளவு சத்தம்.

மறுநாள் காலை அவள் கரண்டியோடு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"இன்னைக்குத் திருகு ரெண்டுல."

"மூ..."

"ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்." கரண்டி மேஜையில் இறங்கியது.

ஏலக்காரர் வாயை மூடிக்கொண்டார். மூன்று தரம் சொன்ன பிறகு யாரும் ஏற்றக் கூடாது. அப்படி ஏற்ற வந்த பெரிய பெரிய வியாபாரிகளையே அவர் விரட்டியிருக்கிறார். முணுமுணுத்துக்கொண்டே குழாயை வாயில் வைத்தார். அன்றுமுதல் தினமும் இதே கூத்துதான். ஆஸ்பத்திரிப் பெண் சொன்னால்தான் திருகு கொஞ்சம் ஏறும், ஏறியதும் கரண்டி விழும்.

பெரிய வரத்து நாள் வந்தது. ஏலக்காரர் நின்றார், மூட்டைகள் போய்க்கொண்டே இருந்தன. முன்பானால் பாதியிலேயே உட்கார்ந்திருப்பார். கடைசிக் குவியல்தான் பெரியது. அவர் வழக்கம் மூன்று தரத்தையும் ஒரே மூச்சில் சடசடவென்று முடிப்பது. "ஒரு தரம், ரெண்டு தரம்" என்றவருக்கு மூச்சு தீர்ந்துவிட்டது. மாப்பிள்ளை தராசடியில் தொண்டையைச் செருமினார். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தார் ஏலக்காரர்.

வேறு வழியில்லாமல், குழாயில் இழுப்பதுபோல மெதுவாக, நெஞ்சு நிறைய இழுத்தார்.

மண்டியே கப்சிப். ரெண்டு தரத்துக்கும் மூணு தரத்துக்கும் நடுவே இப்படியோர் இடைவெளியை யாரும் பார்த்ததில்லை. கஞ்சன் என்று பெயரெடுத்த வியாபாரி ஒருவருக்குப் பொறுக்கவில்லை, விலையை ஏற்றினார். அதைக் கேட்டு இன்னொருவர் ஏற்றினார். கஞ்சன் மறுபடியும் ஏற்றினார். ஏலக்காரர் இழுத்து முடித்து, மண்டி அதிர "மூணு தரம்" என்றார்.

முதலாளி திரும்பிப் பார்த்தார். "மாப்பிள்ளை, நீங்க தராசைக் கவனிங்க." பிறகு ஏலக்காரர் காதருகே குனிந்தார். "அண்ணே, நாளையிலேர்ந்து எல்லா மூட்டைக்கும் அதே இடத்துல மூச்சு வாங்குங்க."

வீட்டில் இதைச் சொன்னபோது மனைவி சிரித்தாள், கண்ணையும் துடைத்துக்கொண்டாள். அந்தச் சந்தோஷத்தோடு சந்தோஷமாக அவர் கை மெல்லத் திருகின் பக்கம் போனது.

மனைவி கரண்டியை எடுத்தாள்.