வன்னியில் ஒரு மலை

என் முதல் போர்க்கதையை ஹட்டனில் எங்கள் வாசகர் வட்டத்தில், ஒரு சனிக்கிழமை பிற்பகல் வாசித்தேன். டயகமவில் மலைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நான் போரை டிவியில் பார்த்தவள். குருடன் யானையைத் தடவிய கதைதான். அது தெரியாமலிருக்கப் பக்கத்துக்குப் பக்கம் ஷெல் விழவைத்திருந்தேன்.

முன் வரிசையில், நான் படிப்பிக்கும் அதே பள்ளியில் கணிதம் கற்பிக்கும் டீச்சர். வன்னியில் முல்லைத்தீவுக்காரர். ஆசிரியர் அறையில் வருடக்கணக்காக ஒன்றாகச் சாப்பிடுகிறோம். போரைப் பற்றி அவர் ஒரு சொல் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. கதை அவர் மனதை நோகடித்துவிடுமோ என்றுதான் என் பயமெல்லாம்.

கதையில், வன்னியில் ஷெல் விழுகிறது. என் கதாநாயகி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறி ஓடுகிறாள். வளைவில் மூச்சு வாங்க நின்று, கீழே எரியும் தன் வீட்டைப் பார்க்கிறாள். எல்லோரும் கண்கலங்குவார்கள் என்று நான் நம்பியிருந்த இடம் அது. டீச்சர் சிரித்தார். வாயைப் பொத்தியும் அடங்கவில்லை.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இதில் என்ன சிரிப்பு என்று கேட்டே விட்டேன்.

“முல்லைத்தீவில எந்த மலையில, டீச்சர், ஏறுறா உங்கட ஆள்? எங்கட ஊர் வெறும் சமதரை.”

நான் என்ன செய்ய? எங்கள் தோட்டத்தில் வீட்டு வரிசைகள்கூட மேல் லயம், கீழ் லயம். கோயிலுக்கு ஏற்றம், கடைக்கு இறக்கம். வேறு திசை தெரியாது.

“நாங்க ஓடுனா ஒன்னு மேல ஓடுவோம், இல்லாட்டி கீழ ஓடுவோம் டீச்சர்,” என்றேன். அறையே சிரித்தது. என் கோபமும் அதில் போய்விட்டது.

சிரிப்போடு சிரிப்பாக அவரே சொல்ல ஆரம்பித்தார். ஷெல் விழுந்தபோது அவருடைய அம்மா உடுப்புப் பையை விட்டுவிட்டுக் கோழியைத் தூக்கிக்கொண்டு பங்கருக்குள் இறங்கினாராம். உள்ளே அது டீச்சரின் மடியில் முட்டையிட்டது. வெளியே அவ்வளவு சத்தத்திலும் அவருடைய அண்ணனும் தங்கையும் முட்டைக்குச் சண்டை. கடைசியில் கோழியே அதை மிதித்து உடைத்துவிட்டதாம். சிரித்துச் சிரித்து எங்களுக்குக் கண்ணில் நீர் வந்தது. அவருக்கும் வந்தது, துடைக்காமலே சொல்லி முடித்தார்.

என் கதையின் மீதியை யாரும் கேட்கவில்லை. ஆனாலும் அப்படியொரு சந்தோஷத்தோடு பஸ் ஏறினேன்.

திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில் டீச்சர் கதிரையை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“இன்னும் கனக்கக் கதை கிடக்கு. நான் சொல்லுறன், எழுதுங்கோ. மலையை மட்டும் கொண்டு வந்திராதேங்கோ.”