ரோகிணி தெரிகிற வரை

1941ஆம் ஆண்டு ஜனவரி ஆறாம் தேதி, திங்கட்கிழமை. மார்கழி மாதம். அம்மா விடியுமுன் எழுந்து தென்னூர் வீட்டு வாசலில் கோலம் போட்டாள். அப்பா பஞ்சாங்கத்தில் அன்றைய திதியையும் கிரக நிலையையும் பார்த்துவிட்டு ரயில்வே சரக்கு ஆபீசுக்குக் கிளம்பினார். ஒன்பது வயதுப் பெண்ணான நான், ஈரத் தலையை இறுக்கிப் பின்னிக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். மாடியம்மா கறுப்புக் குடையை விரித்துக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனில் கையெழுத்துப் போடப் போனார். எல்லாத் திங்கட்கிழமையும் எங்கள் வீட்டில் இப்படித்தான் தொடங்கும்.

மாடியம்மா எங்கள் வீட்டு மாடி அறையில் குடியிருந்த ரஷ்யப் பெண்மணி. இயந்திரம் பூட்ட வந்த கணவர் திருச்சியிலேயே காய்ச்சலில் இறந்துபோனபின், கன்டோன்மென்ட் துரைமார் வீட்டுக் குழந்தைகளுக்குக் கவுன் தைத்துப் பிழைத்தார். ரஷ்யர்தான், ஆனால் ரஷ்யாவில் பிறந்தவர் அல்லர். பக்கத்து நாடான லாட்வியாவில், ரீகா என்ற துறைமுக ஊரில், தலைமுறையாக இருந்த ரஷ்யக் குடும்பம். அந்த ஊரில் அவர்களை ரஷ்யர்கள் என்றார்களாம். ரஷ்யாவுக்குப் போனால் ரீகாக்காரர்கள் என்றார்களாம். எங்கள் தெருவில் ஜெர்மன்காரி என்றார்கள்.

எனக்கு இது பிடிபடவில்லை. அம்மாவிடம் கேட்டேன்.

"நம்ம பெரியப்பா ரங்கூன்ல இருக்காங்கல்ல? அவங்க பிள்ளைங்க அங்கதானே பொறந்துச்சுங்க? அதுக்காக பர்மாக்காரங்க ஆயிடுவாங்களா?"

பெரியப்பா ஒவ்வொரு கடிதத்தையும் "சீக்கிரம் ஊருக்கு வருகிறேன்" என்று முடிப்பார். மாடியம்மா எந்த ஊருக்கு வருகிறேன் என்று எழுதுவார் என்று கேட்டேன். அம்மா அரிசியில் கல் பொறுக்குவதில் மும்முரமாகிவிட்டாள்.

முந்திய ஆடி மாதத்தில் ரஷ்யா அந்தச் சின்ன நாட்டைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. அதற்குப் பிறகு மாடியம்மா எந்த நாட்டுக்காரர் என்று ஸ்டேஷனில் யாருக்கும் விளங்கவில்லை. யுத்த காலம்; அந்நிய நாட்டவர் வாரம் ஒருமுறை அங்கே கையெழுத்துப் போட வேண்டும். ஜெர்மானியர் சிலரை ஏற்கெனவே வடக்கே முகாமுக்கு அனுப்பியிருந்தார்கள். "ஒரு சந்தேகம் கிளம்பினா போதும், இவங்களையும் ஏத்தி விட்டுடுவாங்க" என்று அப்பா அம்மாவிடம் சொன்னதை நானும் கேட்டிருந்தேன்.

அந்தச் சந்தேகம் அன்று சாயங்காலம் கிளம்பியது.

ரஷ்யர்களுடைய கோயில் இன்னும் பழைய நாள்காட்டிப்படியே நடப்பதால், அவர்களுக்குக் கிறிஸ்துமஸ் மறுநாள், ஜனவரி ஏழாம் தேதிதான். முந்தின நாள் முழுவதும் விரதம். வானத்தில் முதல் நட்சத்திரம் தெரிந்தபிறகே சாப்பிடலாம். குழந்தை ஏசு மாட்டுக்கொட்டிலில் பிறந்ததை நினைத்து, வைக்கோல் பரப்பி, அதன்மேல் வெள்ளைத் துணி விரித்துத்தான் உணவை வைக்க வேண்டும். வைக்கோல் கொண்டுவந்த பால்காரர், "ஏம்மா, மாடு வாங்கிட்டு மாடியிலயா கட்டப் போறீங்க?" என்று சிரித்துவிட்டுப் போனார்.

அறைக்குள் இருந்தால் வானம் தெரியாது. அதனால் மாடியம்மா மொட்டைமாடியில் வைக்கோலைப் பரப்பி, படுக்கை விரிப்பு அளவுக்கு வெள்ளைத் துணியை விரித்து, பக்கத்தில் அரிக்கேன் விளக்கை ஏற்றி வைத்து, அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

எதிர்வீட்டு மாமா ஓய்வுபெற்ற குமாஸ்தா. யுத்தம் தொடங்கியதிலிருந்து தெருவின் பாதுகாப்பைத் தாமாகவே ஏற்றுக்கொண்டவர். தபால் விமானம் தாழப் பறந்தால்கூடத் தெருவிளக்கை அணைக்கச் சொல்வார். அவர் கண்ணில் வைக்கோலும் வெள்ளைத் துணியும் விளக்கும் வானத்தைப் பார்க்கும் அந்நிய நாட்டுப் பெண்ணும் ஒரே சமயத்தில் பட்டால் என்ன ஆகும்? சப் இன்ஸ்பெக்டரையும் ஒரு கான்ஸ்டபிளையும் கையோடு அழைத்துக்கொண்டு வந்துவிட்டார். அப்பா அப்போதுதான் ஆபீசிலிருந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். எல்லோரும் மாடிக்கு ஏறினோம்.

"பாத்துக்குங்க சார்! வைக்கோலைக் கொளுத்துனா போதும், ஏரோப்ளேன்காரனுக்குப் பளிச்சுன்னு அடையாளம் தெரியும்" என்றார் மாமா.

"ஐயா, விரதங்க அது. நட்சத்திரம் பாத்துட்டு சாப்பிடுவாங்க. நாளைக்கு அவங்களுக்குக் கிறிஸ்துமஸ்" என்றாள் அம்மா.

"கிறிஸ்துமஸ் போன மாசமே போயிடுச்சேம்மா! நானே கேக் சாப்பிட்டேன்" என்றார் மாமா.

அப்பா மறுபடி சட்டையை மாட்டிக்கொண்டே சொன்னார். "ஏங்க, தெலுங்குக்காரங்க வருஷப் பிறப்பும் நம்ம வருஷப் பிறப்பும் ஒரே நாள்லயா வருது?"

சப் இன்ஸ்பெக்டர் கோட்டைப் பக்கத்து முஸ்லிம் குடும்பத்துக்காரர். அதிகம் பேசாதவர். துணியை ஓரமாகத் தூக்கி வைக்கோலைப் பார்த்தார். "எதுக்கும் ஸ்டேஷன் வரைக்கும் வாங்கம்மா. அங்க பேசிக்கலாம்" என்றார்.

மாடியம்மா அறைக்குள் போய் ஒரு கனத்த சாம்பல் நிறக் கம்பளிக் கோட்டை எடுத்துவந்தார். அதை மடியில் வைத்துக்கொண்டு, கதவோரம் இருந்த தகரப் பெட்டியின்மேல் உட்கார்ந்தார். பசி மயக்கம் என்று நினைத்தேன்.

அந்த நேரத்தில் பள்ளிவாசலிலிருந்து பாங்கு கேட்டது. சப் இன்ஸ்பெக்டர் அம்மா பக்கம் திரும்பி, "கொஞ்சம் தண்ணி கிடைக்குமாம்மா? நோன்பு" என்றார். பக்ரீத்துக்கு முந்தைய நாட்களில் நோன்பு வைப்பவராம். அம்மா தண்ணீரும் வாழைப்பழமும் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் குடித்து முடித்து, பெட்டிமேல் இருந்தவரைப் பார்த்தார்.

"இவங்க எப்பலேருந்து சாப்பிடல?"

"நேத்து ராத்திரியிலேருந்துங்க."

"சரி. நட்சத்திரம் வரட்டும். சாப்பிட்டதும் போவோம்."

எல்லோரும் அண்ணாந்து நின்றோம். அந்நிய விமானம் தேடி வந்த மாமாவும் நட்சத்திரம் தேடினார். எனக்குத்தான் முதலில் தெரிந்தது. பாதி நிலாவை ஒட்டி ஒரு புள்ளி. "அதோ!" என்று கத்தினேன். அம்மா துணிமேல் இருந்த பாத்திரத்தின் மூடியைத் திறந்தாள். மாடியம்மா கரண்டியைக் கையில் எடுத்தார்.

அப்பா தொண்டையைக் கனைத்தார். "அது நட்சத்திரம் இல்ல. குரு. பக்கத்துலயே சனியும் இருக்கணும். ரெண்டு பேரும் மேஷத்துல சேர்ந்து நிக்கிறாங்க."

"இப்ப இதைச் சொல்லியே ஆகணுமாங்க?" என்றாள் அம்மா.

"வெளிச்சமாத்தானே சார் இருக்கு? குருவா இருந்தா என்ன, சாப்பிடச் சொல்லுங்க" என்றார் சப் இன்ஸ்பெக்டர்.

மாடியம்மா அப்பாவைப் பார்த்தார். "குரு... பிளானெட்?"

அப்பா தலையாட்டினார். மாடியம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "வேண்டாம். நட்சத்திரம்."

சப் இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றிக் கைப்பிடிச் சுவரில் வைத்து, தானும் உட்கார்ந்தார். "எங்க அத்தாவும் இப்படித்தான். ஊரே பிறை பாத்தாச்சும்பாங்க. அவர் கண்ணுல படாம பெருநாள்னு ஒத்துக்க மாட்டார்." மாமா பக்கம் திரும்பினார். "பெரியவரே, பொய்க்கு விரதம் இருக்கறவங்களா இருந்தா இந்நேரம் சாப்பிட்டு ஏப்பமே விட்டிருப்பாங்க. இல்லையா?"

மாமா மேல்துண்டைச் சரிசெய்துகொண்டார்.

இருட்டு இன்னும் கொஞ்சம் இறங்கியது. கிழக்கே தென்னை மரத்துக்கு மேல் சிவப்பாக ஒன்று மினுக்கியது. இந்தத் தடவை நான் கத்தவில்லை. அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு கையை மட்டும் நீட்டினேன்.

"ரோகிணி" என்றார் அப்பா. "சந்தேகமே இல்ல. நட்சத்திரம்தான்."

"ஆமாமா, ரோகிணியேதான்" என்றார் மாமா, தாமே அழைத்து வந்ததுபோல.

மாடியம்மா சிலுவைக் குறி போட்டுக்கொண்டு முதல் வாய் சாப்பிட்டார். வேகவைத்த கோதுமையில் தேனும் கசகசாவும் கலந்த பாயசம் போன்ற ஒன்று. எல்லோருக்கும் கொடுத்தார். "ஏலக்காய் ரெண்டு தட்டிப் போட்டிருக்கலாம்" என்று சொல்லிக்கொண்டே கான்ஸ்டபிள் இரண்டாம் முறை வாங்கினார்.

சப் இன்ஸ்பெக்டர் படி இறங்கும்போது, "இன்னிக்கு ஸ்டேஷன் வேண்டாம். அடுத்த திங்கக்கிழமை எப்பவும் போல வாங்கம்மா. அடுத்த வருஷம் வைக்கோல் வாங்கினா முன்னாடியே சொல்லிடுங்க, நானும் நட்சத்திரம் பாக்க வரேன்" என்றார். அம்மா கைப்பிடிச் சுவரில் சாய்ந்து ஒரு பெருமூச்சு விட்டாள்.

மறுநாள் விடிந்ததும் மாடியம்மா முதலில் செய்தது அந்தத் தகரப் பெட்டியைத் திறந்ததுதான். கயிறு போட்டுக் கட்டியிருந்தது. உள்ளிருந்து கம்பளிக் காலுறைகள், கணவரின் படம், ஒரு சின்னத் தலையணை என்று ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் வைத்தார். கடைசியில் கம்பளிக் கோட்டை உதறி, மொட்டைமாடிக் கொடியில் போட்டார். திருச்சியில் கம்பளிக் கோட்டை யார் போடுவார்கள் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. வடக்கே எவ்வளவு குளிரும் என்பதோ, ஆடி மாதத்திலிருந்து அந்தப் பெட்டி ஏன் கதவோரத்திலேயே இருந்தது என்பதோ எனக்குத் தெரியாது.

"நனைஞ்சுபோச்சா?" என்று கேட்டேன்.

"இல்லை. வெயில் நல்லது" என்று சொல்லி, கோட்டின் கைகளை நீவிவிட்டார்.