கீழே இறங்கும் காற்று

நான் இலங்கையின் கிழக்குக் கரையில், மூதூரில் புவியியல் படிப்பிக்கிறேன். என் கணவர் சவூதியில், பாலைவனத்துக்குள் வீதி போடுகிறவர்களின் முகாமுக்குத் தண்ணீர் பவுசர் லொறி ஓட்டினார். மகள் பிறந்த வருடம் போனவர். எங்கள் கதை முழுக்கத் தொலைபேசியில்தான். அதுவும் செலவு, காய்ச்சல், மகளின் பள்ளிக்கூடம் என்று முடிந்துவிடும்.

ஒரு நாள் மட்டும் அவர் வேறு கேள்வி கேட்டார். தண்ணீர் ஏற்றும் இடத்துக்குப் பக்கத்திலேயே கடல் கொதித்துக் கிடக்கிறது, பிறகேன் மழை இல்லை என்றார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நம்மூர்க் கச்சான் காற்றை நினைத்துப் பாருங்கள் என்றேன். மலைநாட்டுக்கு அந்தப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, மலை இறங்கும்போது சூடேறி, இங்கே வயலை வாட்டுகிறதே, அதுபோலத்தான். பூமத்திய கோட்டுப் பக்கம் வெயிலில் காற்று மேலே எழும்பும். எழும்ப எழும்பக் குளிர்ந்து, ஈரத்தையெல்லாம் மழையாக விட்டுவிடும். பிறகு அந்த வெறுங்காற்று வடக்கேயும் தெற்கேயும் விலகிப்போய், அவர் நிற்கிற நாட்டுக்கு மேலே இறங்கும். இறங்கும் காற்று சூடாகும். கீழே கடல் இருந்தாலும் அதன் ஈரத்தை எழும்பி முகிலாக விடாது. மலை இல்லாமலே வருடம் முழுக்கக் கச்சான்.

கேட்டுக்கொண்டிருந்தவர் சொன்னார்:

"அப்ப மழையெல்லாம் உங்கட பக்கம் கொட்டிப்போட்டு, மிச்சக் காத்துத்தான் எங்களுக்கு வருது, என்ன புள்ள?"

சிரித்தேன். தொலைபேசியை வைத்த பிறகுதான் அந்த 'உங்கட'வும் 'எங்களுக்கு'ம் உறைத்தன.

சிறுநீரகம் பழுதானதும் கம்பெனி அவரைத் திருப்பி அனுப்பியது. வந்தது மாரி காலத்தில். தகரத்தில் மழை விழுந்தால் தலை இடிக்கிறது என்றார். வளர்ந்துவிட்ட மகளும் அவரும் எதிரெதிரே வந்தால் சலாம் சொல்லி விலகிக்கொண்டார்கள். அவர் முதலில் செய்த வேலை, தன் அறைக்கு ஏசி பூட்டி யன்னலை ஆணி அடித்து மூடியது. சாப்பாடும் உள்ளேதான்.

ஒரு மத்தியானம் சாப்பாட்டுக் கோப்பையை எடுக்கப் போனபோது, வெளியே வந்து எங்களோடு இருந்தால் என்ன என்று கேட்டேன்.

"எனக்கு ஏலாது," என்றார். "நீங்க ரெண்டு பேரும் நான் இல்லாமப் பழகிட்டீங்க. நானும் பழகிட்டன்."

அது பொய்யில்லை. கோப்பையை எடுத்துக்கொண்டு கதவை இறுக்கிச் சாத்தினேன். குளிர் வெளியே போனால் அவருக்குக் கோபம் வரும்.