மேட்டுக்கு ஏறிய குழாய்

எனக்கு வாய் நீளம் என்று கோலார் தங்கச் சுரங்கத்து ஸ்கெலட்டன் குடியிருப்பில், வரிசையாக வீடுகள் நிற்கிற எங்கள் லைன் முழுக்கச் சொல்வார்கள். சொல்லட்டும். அந்த வாய் மட்டும் இல்லாவிட்டால், ஒரு சாக்கடைக் குழாய்க்காக எங்கள் வீட்டையே பிரித்துப் போட்டிருப்பார்கள்.

வீடு என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். மூங்கில் தட்டிச் சுவர், அதன்மேல் மண் பூச்சு, தகரக் கூரை, அவ்வளவுதான். பின்பக்கம் குளிக்கவும் பாத்திரம் கழுவவும் கல் பாவிய ஒரு மூலை. அங்கிருந்து தண்ணீர் சுட்ட மண் குழாய் வழியே பதினைந்து அடி பூமிக்குள் ஓடித் தெருச் சாக்கடையில் விழும். எனக்கு அது அரண்மனை, ஏனென்றால் மழைக்கு ஒழுகாது. என் முதல் பிள்ளை மாரிகுப்பத்தில் ஒழுகுகிற கொட்டகையில் பிறந்து பத்து நாள்கூடத் தங்கவில்லை. இப்போது மறுபடியும் நிறைமாதம். இரண்டாவது இந்தத் தகரத்துக்கு அடியில்தான் பிறக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன்.

பிளேக் பயம் இருந்த காலம் அது. சுகாதார இன்ஸ்பெக்டர் லைன் லைனாக வந்துகொண்டிருந்தார். கழிவுநீர் தேங்கும் வீட்டுக் கதவில் சிவப்புச் சாக்கட்டியால் ஒரு பெருக்கல் குறி போடுவார். அதற்கு அப்புறம் தட்டியைப் பிரித்துவிட்டுக் குடும்பத்தைக் கொட்டகைக்கு அனுப்பிவிடுவார்கள். எங்கள் லைனுக்கு அவர் சனிக்கிழமை வருகிறார் என்று புதன்கிழமை தெரிந்தது. அதே புதன்கிழமை என் குழாய் அடைத்துக்கொண்டது.

குற்றம் என்னுடையதுதான். இப்போது ஒப்புக்கொள்கிறேன், அன்றைக்கு ஒப்புக்கொள்ளவில்லை. மில்லில் கல்லை மாவாக இடித்துத் தங்கம் எடுத்த பிறகு கொட்டுகிற சாம்பல் நிற மணல் இருக்கிறதே, அதைப் போட்டுத் தேய்த்தால் பித்தளை பளபளவென்று மின்னும். முறத்தில் அள்ளி வந்து தினமும் தேய்ப்பேன். அந்த மணல் குழாய்க்குள் படிந்து, இறுகி, கல்லாகிவிட்டது.

காலை ஷிப்டு முடிந்து வந்த என் வீட்டுக்காரர் குழாய்க்குள் கம்பியை விட்டுப் பார்த்தார். அவர் சுரங்கத்தில் பாறையில் துளை போடுகிறவர்.

"இன்னாமே இது, குழாய்க்குள்ள கல்லு வளத்து வச்சிக்கிற!"

"கல்லு ஒடைக்கிறவரு வூட்ல வேற இன்னா வளரும்?"

பக்கத்து வீட்டு அண்ணனும் அதே வேலைக்காரர். இருவருமாகச் சேர்ந்து மண்ணைத் தோண்டிக் குழாய்களை வெளியே எடுத்தார்கள். ஒவ்வொன்றாகத் தட்டித் தட்டி மணலை உதிர்த்தார்கள். வெள்ளிக்கிழமை திரும்பப் பதித்தார்கள். குளிக்கிற மூலையில் தோண்டிய குழிக்கு அவர்கள் வைத்த பெயர் ஷாப்டு, சுரங்கத்துக்குள் நேராக இறங்குகிற கிணற்றின் பெயர். அங்கிருந்து தெருவுக்குப் போகும் பள்ளம் லெவல், அந்தக் கிணற்றிலிருந்து படுக்கையாகக் குடைந்து போகிற பாதை. ஏதோ கோலார் சீமையையே குடைகிற மாதிரி ஒருவரையொருவர் அதட்டிக்கொண்டு வேலை செய்தார்கள். மூட்டுக்கு மூட்டு சுண்ணாம்பு வைத்துப் பூசி, மண்ணைத் தள்ளி, மேலே ஏறி மிதித்தும் விட்டார்கள்.

"ஊத்துமே தண்ணி!" என்றார் இவர், கையைத் தட்டிக்கொண்டு.

ஒரு குடம் ஊற்றினேன். களக் களக்கென்று உள்ளே போனது. இவர் தெருப்பக்கம் ஓடிப் போய்க் குனிந்து நின்றார். அங்கே ஒரு சொட்டும் விழவில்லை. கொஞ்ச நேரத்தில் போன தண்ணீர் திரும்பி வந்து என் காலை நனைத்தது.

எனக்கு ஏறியதே கோபம்! தெருவுக்குப் போய்ப் பார்த்தால், குழாயின் வாய் சாக்கடைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் நீட்டிக்கொண்டிருக்கிறது.

"யோவ், இன்னாய்யா போட்டு வச்சிக்கிறீங்க?"

"எட்டு வருசமா கீழ லெவல் ஓட்டறேன். எனக்கே சொல்றியா?" என்றார் இவர்.

"கீழ எப்டிய்யா ஓட்டுவ?"

"ஷாப்டுலேர்ந்து போவப் போவ கொஞ்சம் கொஞ்சமா ஏத்திகினே போவணும். அப்பத்தான் தண்ணியும் கல்லு லோடு வண்டியும் தானா ஷாப்டு பக்கம் வரும்…"

சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்திவிட்டார்.

"ஷாப்டு எங்கய்யா தோண்டின?"

இவர் மெதுவாகத் திரும்பிக் குளிக்கிற மூலையைப் பார்த்தார். அண்ணன் தலையில் கையை வைத்துக்கொண்டு மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். "அடக் கடவுளே, தண்ணிய நேரா வூட்டுக்கே கூட்டியாந்துட்டமேடா!"

திட்டத்தான் வாயைத் திறந்தேன், சிரிப்பு வந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகையும் வந்துவிட்டது. விடிந்தால் சனிக்கிழமை. மறுபடியும் கொட்டகை என்றால் என்னால் தாங்க முடியாது என்று வாய்விட்டே சொன்னேன்.

இவர் மண்வெட்டியை எடுத்துப் பள்ளத்தில் இறங்கினார். நான் ஒரு பித்தளைத் தட்டில் தண்ணீர் எடுத்துவந்து, ஒவ்வொரு குழாய்மேலும் வைத்துத் தண்ணீர் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தேன். "இன்னும் ஒரு வெரல் எறக்கு" என்றால் இறக்கினார்கள். இரண்டு ஆம்பளைகள் அன்றைக்கு என் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு பேசவில்லை. பொழுது சாய்வதற்குள் முடித்தோம்.

மறுநாள் இன்ஸ்பெக்டர் சாக்கட்டியும் கையுமாக வந்தார். தானே ஒரு குடத்தைத் தூக்கிக் கவிழ்த்தார். தெருவில் சளசளவென்று தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. எனக்கு மூச்சு திரும்பி வந்தது.

"யார் போட்டது?" என்றார்.

தன் தப்பு என்று எதையும் ஒப்புக்கொண்டு அறியாதவர் என் வீட்டுக்காரர். அவர் சொன்னார்: "நாங்க தப்பாத்தான் போட்டோம், சார். சரி பண்ணது இது." என்னைக் கைகாட்டினார்.

அவர் தப்பை ஒப்புக்கொண்டதைக் கேட்டதும் எனக்கு வாய் நிற்கவில்லை. அந்த வேகத்தில், "அடைக்க வச்சதே நான்தாங்க. மில்லு மணலு" என்று உளறிவிட்டேன். இவர் என்னை முறைத்த முறைப்பு! இன்ஸ்பெக்டர் ஒரு நிமிடம் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே சாக்கட்டியைப் பைக்குள் போட்டார். "இனிமேல் சாம்பல் போட்டுத் தேயம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

பன்னிரண்டு நாள் கழித்துப் பெண் பிறந்தாள். காலையிலிருந்து கொட்டுகிற மழை. உள்ளே ஒரு சொட்டு விழவில்லை. மருத்துவச்சி கல் மூலையில் உட்கார்ந்து குழந்தைக்கு முதல் தண்ணீர் ஊற்றினாள். குழந்தை வீறிட்டு அழுதது. இவர் அந்தச் சத்தத்தைக் கேட்டதும் உள்ளே வராமல் தெருவுக்கு ஓடினார். படுத்த இடத்திலிருந்து தட்டிச் சுவர் வழியாக எனக்கு எல்லாம் கேட்டது. மழையில் யாரோ குடத்தோடு அந்த வழியாகப் போயிருக்கிறார்கள் போல.

"நவுருங்க, கொஞ்சம் நவுருங்க!" என்று கத்தினார். "எம்பொண்ணு குளிச்ச தண்ணி வருது!"