பலாப்பால் ஒட்டிய டப்பா

காலையில் பரணைச் சுத்தம் செய்த என் மனைவி ஒரு தகர டப்பாவோடு இறங்கினாள். "இத்த இன்னும் எத்தினி வருசம் வூட்ல வெச்சினு இருப்பீங்க? ஒருநாளு வெடிக்கப் போவுது." பிடுங்கிக்கொண்டேன். வெள்ளச்சி அக்கா மூடிய டப்பா வெடிக்காது.

கண்ணமங்கலத்துக்காரனான எனக்கு முதல் வேலை மலைமேல் இருக்கும் புதூர்நாட்டில், தபால் அலுவலகத்தில். அங்கே பார்சலோடு அடிக்கடி வந்தவர் அக்கா. சாமை விதைத்துப் பிழைப்பவர். அவர் வீட்டிலிருந்து யாரும் பட்டாளத்துக்குப் போனதில்லை. விடுப்பில் வந்த ஒரு பையன், "அங்க கொழம்புல புளியே இல்லக்கா" என்று சொல்லித் தொலைத்துவிட்டான். அன்றிலிருந்து மலையில் எவன் பட்டாளத்தில் சேர்ந்தாலும் பின்னாலேயே அக்காவின் புளித்தொக்கும் போகும்.

பட்டாள முகவரியில் ஊர்ப் பெயர் இருக்காது, எண்ணும் படைப்பிரிவும்தான். அக்காவுக்கு அது பெரிய குறை. "ஊரே இல்லாம எப்டி சாரு போவும்? பனி மலை, எல்லைக்குப் பக்கம்னு எழுது." விதியைச் சொன்னால் கேட்கமாட்டார். எழுதுவதுபோல் பேனாவை ஆட்டிவைப்பேன். சிரிக்காதீர்கள், அரசாங்க வேலையில் இதெல்லாம் உண்டு.

ஒருமுறை எண்ணெய் கசிந்து, கூடப் போன கல்யாணப் பத்திரிகைகள் எல்லாம் தொக்கு மணத்தன. மேலதிகாரி என்னை வறுத்தெடுத்தார். அடுத்த டப்பாவை வாங்க மறுத்துவிட்டேன்.

"அப்ப புள்ளைங்க வெறும் பருப்பத் தின்னட்டும்ங்கறியா?" என்றார் அக்கா. அன்று மதியம் எனக்குச் சோறு இறங்கவில்லை. அதுவும் புளிக்குழம்பு.

மறுநாள் மூடியைச் சுற்றிப் பலாப்பால் பூசி ஒட்டிக்கொண்டு வந்தார். என் மேசைமேல் தலைகீழாகப் பிடித்து ஆட்டினார். ஒரு சொட்டு விழவில்லை. வாங்கிக்கொண்டேன்.

ஒரு மாதத்தில் கடிதம் வந்தது. நான்தான் படித்துக் காட்டினேன். "அக்கா, தொக்கு வந்துச்சு, மூடி வர்ல. ரெண்டு நாளா எல்லாரும் போராடினோம். கடைசில எங்க சுபேதாரு துப்பாக்கிக் கத்தியால டப்பாவையே கிழிச்சாரு. பஞ்சாப்காரன் சப்பாத்தில தடவித் தின்னுட்டு அழுவுறான். காரமா, சந்தோசமா, தெரியல. அடுத்த டப்பா எப்போ?"

அக்கா மூன்று முறை படிக்கச் சொன்னார்.

நான் மாற்றலாகி இறங்கிய அன்று எனக்கும் ஒரு டப்பா, பலாப்பாலோடு. "பக்கத்துலதானக்கா போறேன்?" என்றேன். "இருக்கட்டும் சாரு. நீயும் ஊரு விட்டுப் போற புள்ளதான."

இப்போது பையன்கள் எல்லையிலிருந்தே வீடியோவில் பேசுகிறார்கள். கேன்டீனில் புளியும் கிடைக்கிறதாம். அக்கா இறந்து சில வருடங்களாகிவிட்டன. அவர் கேட்ட ஊரை ஒருமுறையாவது எழுதியிருக்கலாம், என்ன குடிமுழுகிப் போயிருக்கும்?

டப்பாவைத் துடைத்தேன். அதன்மேல், 'வெள்ளச்சி அக்கா, புதூர்நாடு' என்று எழுதினேன். இந்த முறை பேனாவைச் சும்மா ஆட்டவில்லை.